கொங்கு விளைநிலங்களில் பூச்சிமருந்தும் தேனீக்களும்: முனைவர் பட்ட ஆய்வு மேற்கொள்வோருக்கான முழுமையான வழிகாட்டி

பூச்சிமருந்து தேனீக்களைக் கொல்லும் என்பது தெரிந்த செய்தி. அதை மீண்டும் ஒருமுறை நிறுவுவதற்கு ஒரு முனைவர் பட்டம் தேவையில்லை. எந்த மருந்து, எந்தப் பயிரில், எந்த நேரத்தில், எந்த வழியாக, எந்தத் தேனீயை, எவ்வளவு எட்டுகிறது என்பதே இன்று விடை வேண்டி நிற்கும் வினா. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் மாவட்டங்களின் தோட்டங்களை அறிந்த ஒருவரால்தான் இதற்கு நம்பத்தக்க விடை தர முடியும். நச்சுத்தன்மையை ஆய்வகத்தில் அளந்துவிடலாம். தேனீயை எட்டும் நஞ்சின் அளவைத் தோட்டத்தில் இறங்கித்தான் அறிய வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்தால்தான் அது இடர் மதிப்பீடு ஆகும். இந்த வழிகாட்டி தோட்டத்தில் அறிய வேண்டியதற்கே கூடுதல் இடம் தருகிறது. ஏனெனில் பெரும்பாலான ஆய்வேடுகள் வலுவிழக்கும் இடம் அதுவே.

முதற்படி: வினாவைக் குறுக்குதல்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள், பொதுவாக அதிகபட்சம் ஆறு ஆண்டுகள். அதற்குள் பாடப்பணிக்குக் குறைந்தது 12 கிரெடிட் முடிக்க வேண்டும். பாடப்பணியையும் ஆய்வேடு எழுதும் காலத்தையும் கழித்தால், களத்துக்கு இரண்டு அல்லது மூன்று பூக்கும் பருவங்களே கிடைக்கும். ஆகவே "கொங்கு மண்டலத்தில் பூச்சிமருந்துகளின் தாக்கம்" போன்ற அகன்ற தலைப்பை ஆலோசனைக் குழுவின் முன் வைக்காதீர்கள். ஒரு பயிர் அல்லது தமக்குள் ஒப்பிடத்தக்க இரு பயிர்கள், இரண்டு அல்லது மூன்று தேனீ இனங்கள், தோட்டங்களில் உண்மையில் புழங்கும் நான்கைந்து மருந்துகள் என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்பகுதியில் வினாக்களுக்குப் பஞ்சமில்லை. மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கத்து முருங்கைக்குத் தச்சுத் தேனீக்கள் முக்கியமான மகரந்தச் சேர்ப்பிகள். முருங்கை பூத்திருக்கும்போதே மொட்டுப்புழுவுக்கும் பழ ஈக்கும் மருந்து அடிக்கும் வழக்கம் தச்சுத் தேனீக்களின் வருகையை எப்படி மாற்றுகிறது என்பதே ஒரு முழு ஆய்வுக்குப் போதும். பொள்ளாச்சித் தென்னையில் வேர் வழியாக மருந்து கட்டும் பழக்கம் உண்டு. அந்த மருந்து பாளையில் தேனீ எடுக்கும் மகரந்தத்தை எட்டுகிறதா, எட்டினால் எத்தனை நாள் இருக்கிறது என்பது அளந்து பார்க்க வேண்டிய வினா. 2018இல் படைப்புழு நாட்டுக்குள் நுழைந்த பிறகு மக்காச்சோளத்தில் விதை நேர்த்தியும் தெளிப்பும் பெருகியுள்ளன. மக்காச்சோளம் காற்றால் சூல்கொள்ளும் பயிர் என்பதால் பலரும் அதைத் தேனீக்களோடு சேர்த்து எண்ணுவதில்லை. ஆனால் அதன் கதிர்ப்பூவில் இந்தியத் தேனீக்கள் காலை நேரத்தில் மகரந்தம் சேர்ப்பதைக் காணலாம்.

இரண்டாம் படி: யாருக்கு இடர் என்று வரையறுத்தல்

உலகெங்கும் வழங்கும் சோதனை முறைகள் பெரும்பாலும் இத்தாலியத் தேனீயை அடிப்படையாகக் கொண்டவை. அதற்கு அடுத்தபடியாகச் சோதிக்கப்படும் பம்பிள் தேனீயோ நம் சமவெளியில் இல்லை. நம் தோட்டங்களில் உழைப்பவை வேறு. பொந்துகளிலும் பெட்டிகளிலும் வாழும் இந்தியத் தேனீ, உயர்ந்த மரங்களிலும் நீர்த்தொட்டிகளிலும் ஒற்றை அடை கட்டும் மலைத் தேனீ, வேலிக் கிளைகளில் சிறு அடை கட்டும் கொம்புத் தேனீ, சுவர் இடுக்குகளில் வாழும் கொசுத் தேனீ ஆகியவை கூட்டமாக வாழ்பவை. தச்சுத் தேனீ, இலைவெட்டித் தேனீ, மண்ணில் வளை தோண்டும் நீலவரித் தேனீ ஆகியவை தனித்து வாழ்பவை.

இந்த வேறுபாடு ஆய்வின் முடிவையே மாற்றக்கூடியது. ஒரு கூட்டம் சில நூறு பணித் தேனீக்களை இழந்தாலும் இராணி முட்டையிட்டு ஈடுசெய்யும். தனித்து வாழும் பெண் தேனீ ஒன்று இறந்தால் அதன் கூடும் அத்தோடு முடிந்தது. மண்ணில் கூடு கட்டுபவற்றுக்குச் சொட்டுநீர் வழியாகச் செலுத்தும் மருந்து தேனின் வழியாக மட்டுமன்றி மண்ணின் வழியாகவும் எட்டும். மலைத் தேனீ பல கிலோமீட்டர் பறந்து இரை தேடும். கொசுத் தேனீயோ சில நூறு மீட்டர்களுக்குள் அடங்கிவிடும். ஒரே தோட்டத்தில் அடித்த மருந்து கொசுத் தேனீக்கு முழுச் சூழலாகவும் மலைத் தேனீக்கு வழியில் வரும் பல நிலங்களில் ஒன்றாகவும் அமையும்.

மூன்றாம் படி: இடங்களைத் தேர்தல்

மாதிரி அலகு என்பது தோட்டம். ஒரு தோட்டத்துக்குள் போட்ட பாத்திகள் அல்ல. ஒரே தோட்டத்தில் பத்துப் பாத்திகளை அளந்துவிட்டுப் பத்து மாதிரிகள் என்று எழுதுவது போலி மறுசெயல். 1984இல் ஹர்ல்பர்ட் விரிவாக எடுத்துக்காட்டிய பிழை இது. இன்றும் அதே காரணத்தால் கட்டுரைகள் திருப்பி அனுப்பப்படுகின்றன. இந்தியத் தேனீயை ஆய்வதானால் தோட்டங்களுக்கிடையே இரண்டு கிலோமீட்டராவது இடைவெளி இருக்கட்டும்.

கொங்கு நாட்டுக்கே உரிய மூன்று செய்திகளை இடத்தேர்வில் கணக்கில் கொள்ள வேண்டும். முதலாவது நீர்முறை. பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனம் நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு முறை வைத்துத் திறக்கப்படுகிறது; கீழ்பவானியிலும் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்ற முறை உண்டு. இந்த ஆண்டு தக்காளியும் மக்காச்சோளமும் நின்ற ஊரில் அடுத்த ஆண்டு தரிசே இருக்கலாம். இரண்டு ஆண்டுத் திட்டம் வகுக்கும்போது நீர்ப்பாசனச் சங்கத்தாரிடம் மண்டல முறையைக் கேட்டறியாமல் ஒரு தோட்டத்தையும் உறுதி செய்யாதீர்கள்.

இரண்டாவது காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசி இறுதி முதல் ஆடி வரை வீசும் மேல்காற்று, தெளிப்பைப் பக்கத்துக் காட்டுக்கும் வேலிப் பூவுக்கும் கொண்டுபோகிறது. அதே காற்று தேனீக்களின் பறத்தலையும் குறைக்கிறது. காற்றின் வேகத்தை ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் குறிக்காவிட்டால், காற்றின் விளைவு மருந்தின் விளைவாகத் தோன்றிவிடும். மேற்கே தொண்டாமுத்தூர் மலையடிவாரத்திலிருந்து கிழக்கே காங்கேயம், கரூர் வரை போகப் போக மழை, மண், பயிர் மூன்றும் மாறுகின்றன. ஆதலால் மருந்து மிகுதியாகப் பயன்படும் தோட்டங்களை மேற்கிலும் குறைவாகப் பயன்படுவனவற்றைக் கிழக்கிலும் எடுத்து ஒப்பிட்டால் அந்த ஒப்பீடு செல்லாது. இரு வகையும் ஒவ்வொரு பகுதியிலும் இருக்க வேண்டும்.

மூன்றாவது கொறங்காடு. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரத்தில் கிளுவை வேலியும் வெள்வேல மரங்களும் கொழுக்கட்டைப் புல்லும் கொண்ட மேய்ச்சல் நிலங்கள் மருந்தே அறியாதவை. கிளுவை வேலியிலும் வெள்வேலப் பூவிலும் தேனீக்கள் தங்கிப் பிழைக்கின்றன என்றால், அருகிலுள்ள பாசனத் தோட்டத்தில் ஏற்படும் இழப்பை இந்நிலம் ஈடுசெய்கிறதா? கொறங்காடுகள் குறைந்துவரும் இந்நாளில் இதை அளப்பது அவசரமான பணி என்று கருதுகிறேன். செயற்கைக்கோள் படத்தைக் கொண்டு ஒவ்வொரு தோட்டத்தையும் சுற்றி 250, 500, 1000, 2000 மீட்டர் வட்டங்களில் கொறங்காடு, தென்னை, மானாவாரி, குடியிருப்பு ஆகியவற்றின் பங்கைக் கணக்கிடுங்கள். எந்த வட்டத்தின் பங்கு எந்தத் தேனீயின் எண்ணிக்கையோடு நன்கு பொருந்துகிறது என்பதும் ஒரு கண்டுபிடிப்பே.

நான்காம் படி: உண்மையில் என்ன அடிக்கப்பட்டது என்பதை அறிதல்

இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கூடுதல் காலம் ஒதுக்குங்கள். பரிந்துரைக் கையேட்டில் உள்ளதும் தோட்டத்தில் அடிப்பதும் ஒன்றாக இருப்பதில்லை. மருந்தின் தேர்வு பெரும்பாலும் மருந்துக்கடையில் நிகழ்கிறது. ஒரே டேங்கில் பூச்சிக்கொல்லியும் பூஞ்சணக்கொல்லியும் வளர்ச்சி ஊக்கியும் சேர்ந்தே போகின்றன. அளவு கணக்கிடப்படுவது ஏக்கருக்கு அல்ல, டேங்குக்கு.

வினாத்தாளை நீட்டி "சென்ற மாதம் எத்தனை முறை தெளித்தீர்கள்?" என்று கேட்டால் கிடைக்கும் விடை நினைவை நம்பிய தோராயமே. தோட்டத்துக்காரர்கள் அமாவாசை, சந்தை நாள், தண்ணீர் முறை ஆகியவற்றை வைத்தே நாளை நினைவு கொள்கிறார்கள். "போன அமாவாசைக்கு அப்புறம் என்ன மருந்துங்கண்ணா அடிச்சீங்க?" என்று கேட்டுத் தொடங்கினால் நாளும் மருந்தும் தெளிவாக வரும். மருந்து அடித்தவர் கூலியாளாக இருந்தால் அவரையும் கேட்க வேண்டும், ஏனெனில் கலவை விகிதம் அறிந்தவர் அவரே. காலி டப்பாக்களைத் தூக்கி எறியாமல் ஒரு சாக்கில் போட்டு வைக்கச் சொல்லி, பத்து நாளுக்கு ஒருமுறை லேபிளைப் படம் எடுத்து, டேங்க் எண்ணிக்கையோடு பதிவு செய்யுங்கள். வணிகப் பெயரை எழுதிவிட்டு நிறுத்தாமல், உள்ளே இருக்கும் மூலப்பொருளின் பெயரையும் விழுக்காட்டையும் எழுதுவது கட்டாயம்.

லேபிளில் உள்ள சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணம் மனிதருக்கும் பிற பாலூட்டிகளுக்கும் உள்ள கடும் நச்சுத்தன்மையைக் குறிப்பது. அது தேனீக்கான அளவுகோல் அன்று. பச்சையோ நீலமோ இருந்தால் தேனீக்கும் தீங்கில்லை என்று கடைக்காரர்களும் விவசாயிகளும் மனமார நம்புகிறார்கள். உங்கள் நேர்காணலில் இந்த நம்பிக்கையைப் பற்றியும் ஒரு கேள்வி இருக்கட்டும்.

நேர்காணலுக்கு முன் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவிடம் ஒப்புதல் பெறுங்கள். தடை செய்யப்பட்ட மருந்தைப் பயன்படுத்துவதாக ஒருவர் சொன்னால் அவர் பெயரோ நிலத்தின் புல எண்ணோ வெளியாகாது என்ற உறுதியை எழுத்தில் தர வேண்டும். அந்த உறுதியைக் காப்பது உங்கள் கடமை.

ஐந்தாம் படி: பூவும் தெளிப்பும் சந்திக்கும் நேரத்தை வரைதல்

"மாலையில் மருந்து அடியுங்கள், தேனீக்கள் பிழைக்கும்" என்பது எங்கும் சொல்லப்படும் அறிவுரை. பாகல், பூசணி, வெள்ளரி, எள், முருங்கை ஆகியவை விடியலை ஒட்டிப் பூப்பதால் அவற்றுக்கு இது பெரும்பாலும் பொருந்தும். பீர்க்கன், சுரை, புடலை ஆகியவை மாலையில் அல்லது இரவில் பூப்பவை. பந்தல் காய்கறித் தோட்டத்தில் பாகலும் பீர்க்கனும் அடுத்தடுத்து நிற்கும்போது மாலைத் தெளிப்பு ஒன்றைக் காத்து மற்றொன்றில் விழுகிறது. மலைத் தேனீ நிலவொளியில் இரவிலும் இரை தேடும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஆகவே ஒவ்வொரு பயிருக்கும் பூ விரியும் நேரம், மகரந்தம் வெளிப்படும் நேரம், தேன் சுரக்கும் நேரம், பூ மூடும் நேரம் ஆகியவற்றை நீங்களே பதிவு செய்து, அதே வரைபடத்தில் தெளிப்பு நேரங்களையும் தேனீ வருகையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரையுங்கள். ஆய்வேட்டில் விவசாயத் துறை உடனே எடுத்துப் பயன்படுத்தக்கூடிய பக்கம் இதுவாகவே இருக்கும்.

ஆறாம் படி: எண்ணுதலும் பிடித்தலும்

காற்றுக் குறைந்த தெளிந்த நாளில், குறித்த நீளமுள்ள வரப்பு வழியே ஒரே வேகத்தில் நடந்து, இரு பக்கமும் பூவில் அமரும் பூச்சிகளை எண்ணுவதே அடிப்படை முறை. அந்த வரப்பில் இருந்த பூக்களின் எண்ணிக்கையையும் குறியுங்கள். பூக் குறைந்ததால் தேனீ குறைந்ததையும் மருந்தால் குறைந்ததையும் பிரிக்க வேறு வழியில்லை. மஞ்சள், நீலம், வெள்ளை நிறக் கிண்ணப் பொறிகள் சிறு தேனீக்களைக் காட்டித் தரும். ஆனால் அவை கொல்லும் பொறிகள் என்பதால் அளவோடு பயன்படுத்துவதே தகும். இனங்காண்பதில் ஐயம் எழுந்தால் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறைச் சேகரிப்போடும் இந்திய விலங்கியல் அளவைத் துறை வல்லுநர்களோடும் ஒப்பிட்டு உறுதி செய்யுங்கள். காப்புக்காட்டு எல்லைக்குள் பொறி வைக்க வனத்துறை அனுமதி வேண்டும். வெளிநாட்டுக் கூட்டாளிக்கு மாதிரி அனுப்புவதாக இருந்தால் 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டத்தின் நடைமுறையைத் தொடக்கத்திலேயே பாருங்கள்.

மகரந்தச் சேர்க்கை உண்மையிலேயே குறைந்ததா என்பதற்குத் தனிச் சோதனை வேண்டும். சில பூக்களை உறையிட்டு மூடி, சிலவற்றைத் திறந்து விட்டு, சிலவற்றுக்குக் கையால் மகரந்தம் இட்டு, மூன்றிலும் காய்ப்பிடிப்பை ஒப்பிடுங்கள். கையால் மகரந்தம் இட்ட பூவுக்கும் திறந்த பூவுக்கும் இடையிலான வேறுபாடே பற்றாக்குறை.

பெட்டி வைத்து ஆய்வதானால் கூட்டங்களின் வலிமையை முதலில் சமன் செய்யுங்கள். 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவின் இந்தியத் தேனீக் கூட்டங்களைப் பெருமளவில் அழித்தது தாய் சாக்புரூட் என்னும் நச்சுயிரி நோய். அந்நோயின் அறிகுறியைப் பதிவு செய்யாத ஆய்வில், கூட்டம் அழிந்தது மருந்தால் என்று சொல்ல இடமில்லை.

ஏழாம் படி: எஞ்சிய நஞ்சை அளத்தல்

தேன், மகரந்தம், தேனீ உடல், மண் ஆகிய மாதிரிகளைக் களத்திலேயே பனிப்பெட்டியில் வைத்து, அன்றே மைனஸ் 20 பாகைக்குக் கொண்டுபோக வேண்டும். சித்திரை வெயிலில் ஒரு மணி நேரத் தாமதமும் அளவைக் குறைக்கும். மாதிரியிலிருந்து நஞ்சைப் பிரித்தெடுக்க 2003இல் அறிமுகமான குவெச்சர்ஸ் முறையைக் கையாண்டு, மிகச் சிறு அளவையும் இனங்கண்டு அளக்கும் எல்சி-எம்எஸ்/எம்எஸ் கருவியில் அளப்பதே இப்போதைய வழக்கம். வழக்கமான முறை பத்துக் கிராம் மாதிரி கேட்கும். பூந்தேனோ மைக்ரோலிட்டர் கணக்கில்தான் கிடைக்கும். ஆதலால் சிறு மாதிரிக்கு ஏற்பத் திருத்திய முறையை முதலாண்டிலேயே சரிபார்த்து, மீட்பு விழுக்காடு (தெரிந்த அளவில் சேர்த்த நஞ்சில் அளவீட்டில் திரும்பக் கிடைக்கும் பங்கு) 70 முதல் 120க்குள் வருவதை உறுதி செய்யுங்கள். தயாமீத்தாக்சம் என்னும் பூச்சிக்கொல்லி உடைந்து குளோதியானிடின் என்னும் மற்றொரு பூச்சிக்கொல்லி ஆகும்; இமிடாகுளோபிரிட் என்னும் பூச்சிக்கொல்லியின் சில சிதைபொருள்களும் நஞ்சே. தாய்ப்பொருளை மட்டும் தேடினால் இடர் குறைவாகத் தெரியும். கருவி நேரத்துக்கான கட்டணம் நிதித் திட்டத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும் என்பதால், அதை முன்கூட்டியே உறுதி செய்துவிட்டு மாதிரி எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்.

எட்டாம் படி: நச்சுச் சோதனையும் கணக்கும்

கடும் நச்சுத்தன்மைக்கு, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பான ஓஇசிடியின் 213 (வாய்வழி), 214 (தொடுவழி) வழிமுறைகள் 1998 முதல் உள்ளன. பத்து நாள் தொடர் உணவுச் சோதனைக்கு 2017ஆம் ஆண்டின் 245 உள்ளது. ஒரே மடங்கில் உயரும் பெருக்குத் தொடரில் ஐந்து அளவுகள், ஒவ்வொன்றுக்கும் பத்துப் பத்துத் தேனீக்கள் கொண்ட குறைந்தது மூன்று கூண்டுகள், ஒப்பிட்டுப் பார்க்க டைமெத்தோயேட் என்னும் நஞ்சு, மருந்தில்லாக் கூண்டில் இறப்பு பத்து விழுக்காட்டைத் தாண்டாமை ஆகியவை முதலிரண்டின் சாரம். இவை இத்தாலியத் தேனீக்கு வகுத்தவை. மூன்று நான்கு மில்லிமீட்டரே உள்ள கொசுத் தேனீயின் முதுகில் ஒரு மைக்ரோலிட்டர் துளி இட்டால் கரைப்பானே அதை மூழ்கடிக்கும். துளியைச் சிறிதாக்கி, கரைப்பான் மட்டும் இட்ட கூண்டைத் தனியே வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

இப்போது நச்சுத்தன்மையையும் தோட்டத்தில் அடிக்கும் அளவையும் இணைக்கும் கணக்கு. ஏக்கருக்குச் சுமார் 40 மில்லி, அதாவது எக்டேருக்கு 100 மில்லி, இமிடாகுளோபிரிட் 17.8 விழுக்காட்டு மருந்து அடிப்பதாகக் கொள்வோம். அதில் லிட்டருக்கு 200 கிராம் மூலப்பொருள் உண்டு. எனவே எக்டேருக்கு 20 கிராம். இத்தாலியத் தேனீக்கு அதன் தொடுவழிக் கொல்லளவு (சோதித்த தேனீக்களில் பாதியைக் கொல்லும் அளவு) 0.081 மைக்ரோகிராம்; 20ஐ 0.081ஆல் வகுத்தால் ஏறத்தாழ 247. இந்த ஈவு 50ஐத் தாண்டினால் மேலாய்வு தேவை என்பது வழக்கு. அதே 20 கிராம் அசிட்டாமிபிரிட் அடித்தால், அதன் கொல்லளவு 8.09 மைக்ரோகிராம் என்பதால் ஈவு 2.5 மட்டுமே. ஒரே வகுப்பைச் சேர்ந்த இரு மருந்துகளுக்கிடையே நூறு மடங்கு வேறுபாடு.

ஆனால் 2004இல் வெளிவந்த ஆய்வக முடிவொன்றில், புரோபிகொனசோல் என்னும் பூஞ்சணக்கொல்லியோடு சேர்ந்தபோது அசிட்டாமிபிரிட்டின் நச்சுத்தன்மை நூறு மடங்குக்குமேல் உயர்ந்தது. தேனீயின் உடலில் நஞ்சை முறிக்கும் நொதிகளைப் பூஞ்சணக்கொல்லி தடுப்பதே காரணம். நான்காம் படியில் டேங்கில் எவையெல்லாம் சேர்ந்தன என்று கேட்டு எழுதியதன் பயன் இங்கேதான் தெரியும். உங்கள் தோட்டங்களில் மிகுதியாகப் புழங்கும் இரண்டு மூன்று கலவைகளையே சோதனைக்கு எடுங்கள்.

தேனில் எஞ்சிய நஞ்சுக்கு வேறு கணக்கு. தேன் சேர்க்கும் இத்தாலியத் தேனீ நாளொன்றுக்கு 292 மில்லிகிராம் தேன் உட்கொள்வதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கொள்கிறது. கிராமுக்கு 5 நானோகிராம் இமிடாகுளோபிரிட் இருந்தால் 1.46 நானோகிராம் உட்செல்லும். வாய்வழிக் கொல்லளவு 3.7 நானோகிராம், ஈவு 0.39. அம்முகமையின் எச்சரிக்கை எல்லையோ 0.4. இந்தியத் தேனீக்கும் கொசுத் தேனீக்கும் இத்தகைய உட்கொள் அளவை நீங்களே அளந்து தந்தால், பிற ஆய்வாளர்கள் எடுத்தாளும் எண்ணாக அது நிலைக்கும்.

ஒன்பதாம் படி: பகுப்பும் எழுத்தும்

தேனீ எண்ணிக்கை போன்ற தரவுக்கு நெகட்டிவ் பைனோமியல் கலப்பு மாதிரிகள் என்னும் புள்ளியியல் முறை பொருந்தும். ஊரையும் தோட்டத்தையும் தற்செயல் கூறுகளாக வைத்து, காற்று, வெப்பம், பூ எண்ணிக்கை, கொறங்காட்டுப் பங்கு ஆகியவற்றை மாறிகளாகச் சேர்க்க வேண்டும். ஆர் மென்பொருள் இலவசமாகவே போதும். முடிவுகளின் இடவழித் தொடர்பை, அதாவது அருகருகே உள்ள தோட்டங்களின் அளவுகள் ஒத்துப்போகின்றனவா என்பதை, மொரான் குறியீடு என்னும் புள்ளியியல் அளவால் சரிபாருங்கள். முன்னோட்டத் தரவைக் கொண்டு எத்தனை தோட்டங்கள் வேண்டும் என்பதை முதலாண்டிலேயே கணக்கிட்டுக் குழுவிடம் காட்டினால், இறுதி வாய்மொழித் தேர்வில் மாதிரி அளவு பற்றிய கேள்விக்கு விடை ஆயத்தமாக இருக்கும்.

ஊசியிட்ட மாதிரிகளை இடம், நாள், பயிர் எழுதிய சீட்டோடு நிறுவனச் சேகரிப்பில் ஒப்படைத்து, அதன் எண்ணை ஆய்வேட்டில் குறியுங்கள். தோட்டத்துக்காரர்களுக்கு அவரவர் நிலத்தின் முடிவைத் தமிழில் ஒரே பக்கத்தில், எந்தப் பூவுக்கு எந்த நேரத்தில் எந்தக் கலவை ஆகாது என்ற விவரத்தோடு, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன்பே நேரில் கொடுங்கள். அவர்கள் திருத்திச் சொல்லும் தெளிப்பு விவரங்களை இறுதிப் பிரதியில் சேர்க்க அப்போதுதான் காலம் இருக்கும்.